மைனாட்: அந்த இரவு ஸ்டேஷனில் ஆள் இருந்தாரா?

பழைய வானொலிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ராத்திரி டூட்டியில் வந்துதான் நிற்கும். சம்பளக் கணக்கு மறந்திருக்கும், மேலாளர் பெயர் மறந்திருக்கும். ரெண்டு மணிக்கு ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்திருந்தது மட்டும் மறக்காது. அமெரிக்கச் சிறு நகரங்களின் கன்ட்ரி இசை வானொலிகளில் வேலை பார்த்து ஓய்ந்தவர்களின் நினைவுக் குறிப்புகளைச் சில வருடங்களாகத் தேடித் தேடி வாசிக்கிறேன். நானும் அந்தத் தொழிலில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன், அதனால் ஒரு பாசம். அந்த நினைவுகளில் ஓர் ஊர்ப் பெயர் அடிக்கடி தட்டுப்படும். அந்த ஊரில் கால் வைக்காதவர்கள்கூட அதை இழுப்பார்கள்: மைனாட்.

"எங்க காலத்துல இப்படி நடந்திருக்காது" என்பதற்கு அவர்கள் கையில் இருக்கும் சாட்சி அந்த ஊர். சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம் என்றுதான் இந்த ஆய்வை எழுதுகிறேன்.

அன்று நடந்தது

மைனாட் வட டகோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 36,500 சொச்சம். நம் கணக்கில் சின்ன நகராட்சி. பக்கத்தில் ஒரு விமானப்படைத் தளம், சுற்றிலும் கோதுமை வயல், நடுவில் வளைந்து போகும் சூரிஸ் ஆறு.

2002 ஜனவரி 18, வெள்ளிக்கிழமை. நள்ளிரவு தாண்டி 1.37 மணிக்கு கனேடியன் பசிபிக் நிறுவனத்தின் சரக்கு ரயில் ஒன்று நகரின் மேற்கு எல்லையை நெருங்கும்போது தடம் புரண்டது. 112 பெட்டிகளில் 31 பெட்டிகள் தண்டவாளத்தை விட்டு இறங்கின. அவற்றில் நீரற்ற அமோனியா ஏற்றிய டாங்கர்களும் இருந்தன. ஐந்து டாங்கர்கள் அப்படியே பிளந்துகொண்டன. 1,46,700 காலன், அதாவது ஐந்தரை லட்சம் லிட்டருக்கு மேல், ஒரே மூச்சில் வெளியே வந்தது.

அமோனியா அந்தப் பக்கத்து விவசாயிக்குப் புதிய பொருள் இல்லை. மண்ணுக்குப் போடும் உரம். மைனஸ் 33 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். அன்றைய குளிர் மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தது. அமோனியா ஆவியாவதற்கு அது போதும், மேலே எழும்பிக் கலைவதற்குப் போதாது. வெள்ளை மேகமாகத் திரண்டு தரையை ஒட்டியே ஊருக்குள் பரவியது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2004இல் கொடுத்த அறிக்கைப்படி, மேகம் மூடிய பகுதியில் சுமார் 11,600 பேர் இருந்தார்கள். ஒருவர் இறந்தார், 11 பேருக்குக் கடுமையான பாதிப்பு, 322 பேருக்கு லேசான பாதிப்பு. இறந்தவர் வீட்டை விட்டு வெளியேற முயன்றவர்.

அந்தக் கடைசித் தகவலைக் கவனிக்க வேண்டும். அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். கதவு ஜன்னலை அடைத்துவிட்டு, குளியலறையில் ஷவரைத் திறந்து வைத்து, ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளேயே கிடப்பதுதான் தப்பிக்கும் வழி. தூக்கத்தில் கண் எரிந்து, மூச்சு முட்டி எழுந்த மனிதனுக்கு இது தோன்றாது. காரை எடுத்துக்கொண்டு ஓடத்தான் தோன்றும். ஆக அன்றிரவு ஊருக்குத் தேவைப்பட்டது ரெண்டே ரெண்டு வாக்கியம்: வெளியே வராதீர்கள், ஷவரைத் திறங்கள். விபத்து நடந்த பக்கத்து வீடுகளில் மின்சாரமும் போய்விட்டது. டிவி கிடையாது. 2002இல் எல்லார் தலைமாட்டிலும் மொபைல் கிடையாது. பேட்டரி ரேடியோ இருந்தது, காருக்குள் ரேடியோ இருந்தது. திருப்பியவர்களுக்குப் பாட்டுதான் கேட்டது.

நகரத்தில் வணிக வானொலி நிலையங்கள் ஆறு. ஆறுமே கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. அவசர அறிவிப்புக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது அவற்றில் ஒன்று: 910 ஏ.எம்., கே.சி.ஜே.பி. கன்ட்ரி பாட்டும் வேளாண் தகவலும் பேச்சும் கலந்து போகும் நிலையம். காவல்துறை அந்த எண்ணுக்கு அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

இதற்குப் பிறகு கதை தானாகவே நடக்க ஆரம்பித்துவிட்டது. ஸ்டேஷனில் ஒரு ஈ காக்கா இல்லை, கம்ப்யூட்டர் பாடிக்கொண்டிருந்தது, ஊர் மூச்சுத் திணறியது. ஊடக முதலாளித்துவத்தைத் திட்ட நினைத்த ஒவ்வொருவருக்கும் இது லட்டு மாதிரி கிடைத்தது. அந்த மாநிலத்தின் செனட்டர் பைரன் டோர்கன் வாஷிங்டனில் இதைத் திரும்பத் திரும்ப எழுப்பினார். பழைய கன்ட்ரி வானொலிக்காரர்களின் நினைவுகளிலும் இந்த வடிவம்தான் நிலைத்துவிட்டது.

அவர்கள் நினைவில் இருக்கும் ஸ்டேஷன்

அவர்கள் எதை வைத்துக்கொண்டு இப்படிக் கோபப்படுகிறார்கள் என்று தெரிய, ஒரு கன்ட்ரி நிலையம் எப்படி ஓடியது என்று பார்க்க வேண்டும். "கன்ட்ரி" என்பதை நாட்டுப்புறப் பாட்டு என்று மொழிபெயர்த்தால் பாதிதான் சரி. கிராமத்து வெள்ளைக்கார உழைப்பாளிகளின் பாட்டாகத் தொடங்கி, நாஷ்வில் நகரத்தின் ஸ்டூடியோக்களில் வியாபாரமாக வளர்ந்த இசை அது. வானொலிதான் அதற்குத் தாய்வீடு. நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தில் 1925 நவம்பரில் சனிக்கிழமை நிகழ்ச்சியாகத் தொடங்கியதுதான் பின்னால் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பேர் பெற்றது, இன்னும் நடக்கிறது. முழுநேரமும் கன்ட்ரி மட்டுமே போடும் நிலையம் என்பது அதற்கு ரொம்பப் பிந்தியது. டெக்சஸ் மாநிலம் லபக் நகரில் 1953இல் தொடங்கிய கே.டி.ஏ.வி.யைத்தான் முதலாவது என்று பொதுவாகச் சொல்வார்கள். 1961இல் கன்ட்ரி இசைச் சங்கம் எண்ணிப் பார்த்தபோது நாடு முழுக்க 81 தேறின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 600ஐத் தாண்டிவிட்டன. அந்தச் சங்கமே 1958இல் உருவாவதற்கு முன்னோடியாக இருந்தது வானொலி அறிவிப்பாளர்கள் நடத்திய ஒரு சங்கம்தான்.

இந்த வரலாறெல்லாம் நினைவுக் குறிப்புகளில் வராது. வருவது வேறு.

காலை ஐந்து மணிக்கு மாடு, பன்றி, கோதுமை விலை. பனிப்புயல் நாளில் எந்தெந்தப் பள்ளிக்கு விடுமுறை என்ற பட்டியல். அதை வாசித்து முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும், முடித்த கையோடு முதலிலிருந்து வாசிக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் எழுந்து ரேடியோவைப் போட்ட அம்மாக்கள் இருப்பார்கள். மதியம் 'ஸ்வாப் ஷாப்': நேயர் போன் செய்து, பழைய டிராக்டர் டயர் இருக்கிறது, கோழிக்கூண்டு வேண்டும் என்று சொல்வார், கூடவே போன் நம்பரும் சொல்வார். ஊர்க்காரர்களின் மரணச் செய்தி. இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் கனம் சொல்லாமலே புரியும். பாட்டுக்குப் போடாத அமைதியை வீடு அதற்குப் போடும். வெள்ளிக்கிழமை இரவு உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து நேரடி வர்ணனை. சனிக்கிழமை ஏதாவது கார் ஷோரூம் வாசலில் மைக்கோடு நின்று, இலவச ஹாட்டாக் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுவது.

பிறகு கருவிகள். ஆளாளுக்கு ஒரு 'கார்ட்' மெஷின் கதை இருக்கும். ஒரு விளம்பரத்துக்கு ஒரு கேசட் மாதிரி, கையளவு பிளாஸ்டிக் டப்பா. சொருகியதும் 'டக்'கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவர்களை வாசித்திருக்கிறேன். டிரான்ஸ்மிட்டர் மீட்டரை மணிக்கணக்கு வைத்துப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதுவது. மூலையில் கடகடக்கும் டெலிபிரிண்டர், செய்தி நிறுவனச் செய்திகளை அச்சடித்துத் தள்ளும் கருவி. அதில் மணி எத்தனை தடவை அடிக்கிறது என்பதை வைத்துச் செய்தியின் அவசரம் தெரியும். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் போடுவதற்கென்றே தனியாக எடுத்து வைத்த நீளமான பாட்டு. இது உலகத்து வானொலி நிலையங்கள் அத்தனைக்கும் பொது. எங்களிடமும் ரெண்டு இருந்தன.

ஸ்டூடியோ போன் மணி அடிக்காது, மைக்கில் விழுந்துவிடும் என்று. விளக்குதான் மின்னும். நேயர்களுக்குத் தெரிந்த எண்களுக்கு ஒரு விளக்கு வரிசை. தனியாக இன்னொன்று இருக்கும். அந்த எண் போன் புத்தகத்தில் இருக்காது. மேலாளர், டிரான்ஸ்மிட்டர் இன்ஜினியர், ஷெரிஃப் (வட்டாரக் காவல் தலைவர்) அலுவலகம், தீயணைப்பு நிலையம் என்று நாலைந்து இடங்களுக்கு மட்டும் தெரியும். அந்த விளக்கு மின்னினால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு முக்கியமில்லை. நினைவுகளில் நாலு வரிக்கு மேல் இடம் பிடிக்காத இந்தச் சங்கதிதான் மைனாட் வழக்கின் மையம் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் இந்த நினைவுகளின் மேல் ஒரு புகார். இவற்றில் சர்க்கரை கூடுதல். சம்பளம் எவ்வளவு குறைவு, எத்தனை பேர் இரண்டாவது வேலைக்குப் போனார்கள் என்பதைச் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுவார்கள். ரெண்டு பெண் குரல்களை அடுத்தடுத்துப் போடக் கூடாது என்ற விதி பல கன்ட்ரி நிலையங்களில் எழுதாச் சட்டமாக இருந்தது. 2015இல் ஒரு வானொலி ஆலோசகர் பெண் பாடகர்களைச் சாலட்டில் போடும் தக்காளிக்கு ஒப்பிட்டுச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டபோதுதான் அந்த விதி வெளியே நாறியது. சார்லி பிரைட் என்ற கறுப்பினப் பாடகரின் முதல் இசைத்தட்டுகளை 1966இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் நிலையங்களுக்கு அனுப்பியபோது அவர் படத்தைச் சேர்க்காமல் அனுப்பியது. நிறம் தெரிந்தால் போடமாட்டார்கள் என்ற பயம். "எல்லாரும் ஒரே குடும்பம்" என்று எழுதுகிறவர்கள் அந்தக் குடும்பத்துக்கு யார் யார் வெளியே என்பதையும் எழுதினால் நன்றாக இருக்கும்.

ஆவணம் சொல்வது

இனி குறுக்கு விசாரணை. ஸ்டேஷனில் அன்றிரவு ஆள் இருந்தாரா?

இருந்தார் என்கிறது கிளியர் சேனல். ஒரு ஊழியர் பணியில் இருந்தார். விபத்துக்குப் பிறகு ஊரே போன் அடித்ததில் எல்லா இணைப்புகளும் அடைத்துக்கொண்டன. காவல்துறை அடித்த அழைப்பு அந்தக் கூட்டத்தில் சிக்கிக்கொண்டது. இதைவிட முக்கியமான வாதம் ஒன்றையும் நிறுவனம் வைத்தது. காவல்துறை போனே அடித்திருக்க வேண்டியதில்லை, அவசர எச்சரிக்கைக் கருவி மூலம் ஒலிபரப்பை அவர்களே குறுக்கிட்டிருக்கலாம், அவர்கள் பக்கம்தான் கருவி சரியாக இயங்கவில்லை. காவல்துறை, நாங்கள் முயன்றோம், நடக்கவில்லை என்றது. யார் கருவியில் கோளாறு என்பதில் கடைசிவரை ரெண்டு தரப்பும் ஒத்துப்போகவில்லை. நிலையத்தின் ஊழியர்களை வீட்டு எண்ணில் பிடித்து, அவர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் ஒலிபரப்பில் விவரம் வர ஆரம்பித்தது.

ஆக, 'ஈ காக்கா இல்லை' என்ற வடிவம் ஆவணத்தின் முன் நிற்கவில்லை. பழைய வானொலிக்காரர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள்.

அந்தக் கருவியின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். பனிப்போர்க் காலத்து அவசர ஒலிபரப்பு முறை மனிதர்களை நம்பியது. அதிகாரி நிலையத்தை அழைப்பார், அறிவிப்பாளர் பாட்டை நிறுத்துவார், காதைக் குடையும் ஒரு சமிக்ஞை போகும், பிறகு அவர் பேசுவார். 1997இல் இதற்குப் பதிலாக வந்த ஈ.ஏ.எஸ். என்ற அவசர எச்சரிக்கை முறையில் எண்மக் குறியீடு ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குப் போகும், ஒலிபரப்பு தானாக நிற்கும், செய்தி தானாகப் போகும். நடுவில் மனிதர் தேவையில்லை. இது தற்செயல் இல்லை. நிலையத்தை ஆளே இல்லாமல் இயக்கலாம் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1995இல் அனுமதித்திருந்தது. ஆள் இல்லாத நிலையத்துக்கு ஆள் இல்லாத எச்சரிக்கை. காகிதத்தில் ரெண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

நடுவே 1996 பிப்ரவரியில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம். அதுவரை நாடு முழுவதற்குமாக ஒரு நிறுவனம் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சட்டம் அந்த உச்சவரம்பைத் தூக்கிக் கடாசியது. சில ஆண்டுகளில் கிளியர் சேனலிடம் மட்டும் 1,200க்கு மேல் சேர்ந்தன. இத்தனையை ஓட்ட ஒரு மென்பொருள் வேண்டுமே. நிலையத்தைத் தானாக ஓட வைக்கும் மென்பொருள் செய்த 'ப்ராஃபெட் சிஸ்டம்ஸ்' என்ற நிறுவனம் கிளியர் சேனல் குடும்பத்துக்குள் வந்தது. அது இருந்தது நெப்ராஸ்காவின் ஒகலாலா என்ற சின்னஞ்சிறு ஊரில். சிறு ஊர் வானொலியின் இரவு அறிவிப்பாளரை வீட்டுக்கு அனுப்பிய மென்பொருள் இன்னொரு சிறு ஊரிலிருந்து வந்தது என்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அங்கேயும் ராத்திரி டூட்டிக்கு ஆள் கிடைக்காத தொல்லை தெரிந்தவர்கள்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆக அன்றிரவு இருந்த அந்த ஒரு ஆளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆறு நிலையங்களுக்கு ஒருவர். அத்தனை விளக்கும் மின்னுகிறது. எதை எடுத்தாலும் பயந்துபோன ஒரு நேயர்; என்ன நடக்கிறது என்று கேட்கிறார், இவருக்கும் தெரியாது. எந்த விளக்குக்குப் பின்னால் காவல்துறை இருக்கிறது என்று இவருக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் போனைப் பிடித்திருக்கும் காவல்துறை ஊழியருக்கு, இந்த நேரத்தில் நிலையத்தில் யார் இருப்பார், அவர் பெயர் என்ன, எந்த எண்ணில் அடித்தால் எடுப்பார் என்று தெரியுமா?

பழைய ஸ்டேஷனில் தெரிந்திருக்கும் என்பதுதான் பழைய ஊழியர்களின் வாதம். கூடைப்பந்து வர்ணனைக்குப் போன இடத்தில் ஷெரிஃப் அலுவலகத்துக்காரர் பக்கத்து இருக்கையில் இருந்திருப்பார். பள்ளி விடுமுறைப் பட்டியலுக்காக விடியற்காலையில் அவரோடு பேசிப் பேசிக் குரல் பழகியிருக்கும். போன் கிடைக்காவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வந்து கண்ணாடியைத் தட்டியிருப்பார். அவர்கள் 'ஆள் இருந்தது' என்று சொல்லும்போது இந்தப் பழக்கத்தைத்தான் சொல்கிறார்கள். வார்த்தை மட்டும் தப்பாக விழுந்துவிடுகிறது. மேசைக்குப் பின்னால் ஒரு உடம்பு இருந்ததா என்ற கேள்விக்குக் கிளியர் சேனல் 'இருந்தது' என்று பதில் சொல்லிவிட்டது. அந்த உடம்பை ஊரில் யாருக்குத் தெரியும் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

வாசப்படியில் தண்ணீர்

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அது வட டகோட்டாவில் நடந்ததில்லை.

தமிழ்நாட்டின் ஒரு தென்மாவட்டத் தலைநகரில், ஒரு தனியார் பண்பலையில் சில வருடம் இரவு நிகழ்ச்சி செய்தேன். 'செய்தேன்' என்றால், ராத்திரி பத்து முதல் ரெண்டு வரைக்குமான லிங்க் (பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பேசுவது) எல்லாவற்றையும் சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்து ஏழேகாலுக்குள் பதிவு செய்துவிட்டு, டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவேன். பாட்டுக்கு நடுவே என் குரலைக் கம்ப்யூட்டர் சொருகும். "இந்த நேரத்துலயும் முழிச்சிருக்கீங்கன்னா" என்று நான் குழைந்து பேசும்போது நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். தொழில் அது, வெட்கமெல்லாம் பட்டதில்லை.

ஒரு கார்த்திகை மாத இரவு. மழை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. தூக்கம் கலைந்து எழுந்து ரேடியோவைப் போட்டேன். நான் பேசிக்கொண்டிருந்தேன். மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்க, எத்தனை நட்சத்திரம்னு எண்ணி எனக்குச் சொல்லுங்க. அடுத்து ஒரு காதல் பாட்டு.

வயிற்றைப் பிசைந்தது. ஸ்டேஷனுக்கு அடித்தேன். ரொம்ப நேரம் கழித்து வாட்ச்மேன் எடுத்தார்.

"அண்ணே, நான்தான். அங்க எப்படி இருக்கு?"

"ரேடியோல நீங்க நட்சத்திரத்த எண்ணச் சொல்றீங்க தம்பி. இங்க தண்ணி வாசப்படி ஏறிடுச்சு."

"வேற யாராச்சும் போன் பண்ணாங்களா?"

"ரெண்டு மூணு பேரு அடிச்சாங்க. ஒருத்தரு, பாலத்து மேல தண்ணி போகுது, வண்டிய விடாதீங்கன்னு ரேடியோல சொல்லுங்கன்னாரு. நான் யார்ட்டப் போய்ச் சொல்றது?"

அவரும் ஸ்டேஷனில் இருந்த ஆள்தான். பெஞ்ச், டார்ச் லைட், சாவிக்கொத்து எல்லாம் இருந்தது. ஒலிபரப்பை இயக்கும் கன்சோல் அறைக் கதவின் சாவி மட்டும் அவரிடம் இல்லை. இருந்திருந்தாலும் எந்த ஃபேடரைத் தூக்குவது என்று அவருக்குத் தெரியாது. நான் மழை குறையும்வரை காத்திருந்து, விடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். நல்லவேளையாக அன்று பாலத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன் செய்த மனிதர் மறுபடி எங்கள் நிலையத்துக்கு அடித்திருப்பாரா என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

ஜாப்லின்

ஆறு நிலையமும் ஒரே முதலாளியிடம் இருந்ததுதான் வினை என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளலாம். வழக்கை இழுத்தடிக்க இன்னொரு ஊர் குறுக்கே வருகிறது.

மிசௌரி மாநிலம் ஜாப்லின், 2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை மாலை. அதிகபட்ச வலிமைக்கான ஈ.எஃப். 5 தரச் சூறாவளி ஊரை நடுவில் கிழித்துக்கொண்டு போனது. 150 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கேயும் ஒரே நிறுவனத்திடம் பல நிலையங்கள். சிம்மர் ரேடியோ என்று பெயர், கன்ட்ரி நிலையமான 102.5ம் அதில் அடக்கம். அவர்கள் பாட்டையும் விளம்பரத்தையும் நிறுத்திவிட்டு எல்லா அலைவரிசைகளையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். பல நாள்கள் இரவும் பகலும் நேயர்களின் அழைப்புதான் ஒலிபரப்பு. அப்பாவைக் காணோம், இந்தத் தெருவில் இந்த வீடு, பார்த்தவர்கள் சொல்லுங்கள். குடிதண்ணீர் எங்கே கிடைக்கும், எந்த மருத்துவமனை இயங்குகிறது. 'ஸ்வாப் ஷாப்' நிகழ்ச்சியின் பாணிதான். டிராக்டர் டயருக்குப் பதிலாக மனிதர்களைத் தேடினார்கள்.

ரெண்டு ஊரையும் பக்கத்தில் வைத்தால் முதலாளி ஒருவரா ஆறு பேரா என்பது மட்டும் விடை சொல்லவில்லை. நேரமும் வேறு: ஒன்று ஞாயிறு சாயங்காலம், எச்சரிக்கை சைரன் முன்கூட்டியே ஒலித்திருந்தது, மற்றது நடு இரவு, முன்னறிவிப்பே இல்லாத விபத்து. ஜாப்லினை வைத்து மைனாட்டைத் திட்டுவது முழு நியாயம் ஆகாது. ஆனாலும் சிம்மர் ரேடியோ அந்த ஊரைச் சுற்றியே தொழில் நடத்தும் குடும்ப நிறுவனம். மைக்கைப் பிடித்தவர்களுக்குத் தெருப் பெயர்கள் தெரிந்திருந்தன. எந்தத் தேவாலயத்துக்கு எதிரே எந்தப் பெட்ரோல் பங்க் என்று தெரிந்திருந்தது. ஊரில் பெயர்ப் பலகைகளே பறந்துபோயிருந்த நாளில் அது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துக்கொள்ளலாம்.

பின்னால் சட்டம் எந்தப் பக்கம் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிலையம் உரிமம் பெற்ற ஊரை ஒட்டி ஸ்டூடியோ வைத்திருக்க வேண்டும் என்ற விதி ஏறக்குறைய எண்பது வருடமாக இருந்தது. 2017 அக்டோபரில் தகவல்தொடர்பு ஆணையம் அதையும் எடுத்துவிட்டது. கிளியர் சேனல் 2014இல் ஐஹார்ட் மீடியா என்று பேர் மாற்றிக்கொண்டது, 2018இல் திவால் பாதுகாப்புக்குப் போய் மீண்டு வந்தது. கட்டிடத்துக்குள் ஆள் வேண்டுமா என்ற விவாதம் போய், கட்டிடமே வேண்டுமா என்ற இடத்துக்கு வந்தாயிற்று.

தண்டவாளம்

ரயில் ஏன் கவிழ்ந்தது என்று இன்னும் சொல்லவில்லை. வானொலியைப் பற்றியே பேசுகிற எல்லாரும் இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான்.

தண்டவாளத்தின் ரெண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்க இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்குவார்கள். மைனாட்டுக்கு மேற்கே ஓர் இணைப்பில் அந்தப் பட்டைகளில் வெடிப்பு விழுந்திருந்தது. ஒரே நாளில் விழுந்ததில்லை, திரும்பத் திரும்பப் பாரம் தாங்கிய இரும்பின் களைப்பில் மெதுவாக வளர்ந்த வெடிப்பு. கடைசியில் பட்டை முற்றிலும் உடைந்து, தண்டவாளம் அந்த இடத்தில் முறிந்தது. வெடிப்பைக் கண்டுபிடித்து மாற்றத் தவறிய ரயில் நிறுவனத்தின் ஆய்வு முறையைத்தான் வாரியம் காரணமாகச் சொன்னது. தண்டவாளத்தைப் பரிசோதிக்காமல் விட்டார்கள் என்று இல்லை. முறைப்படி பார்த்தார்கள், தண்டவாளத்தின் மேலேயே ஓடும் வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனார்கள். ஓடுகிற வண்டியிலிருந்து பார்த்தால் மயிரிழை வெடிப்பு கண்ணில் படாது.

வாரியத்தின் பரிந்துரைகளில் ஒன்று: இந்த இணைப்புப் பட்டைகளை ஆய்வாளர்கள் வண்டியை விட்டு இறங்கி, தரையில் நின்று, கண்ணால் பார்க்க வேண்டும்.